பாடிக் காட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சில வருடங்களாக உங்களைப் படித்துவருகிறேன், இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். என் மகளுக்கு 15 வயது. ஐந்து வயதிலிருந்து முறையாகப் பாட்டுக் கற்கிறாள். எனக்கும் என் மனைவிக்கும் சங்கீதம் தெரியாது, கேட்கத்தான் தெரியும். அவள் பாடிக் கேட்கும்போது வரும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பாடச் சொல்வேன், அவளும் தயங்காமல் பாடுவாள்.

கடந்த எட்டு மாதமாக எல்லாம் மாறிவிட்டது. குரலில் காற்று கலந்ததுபோல வருகிறது. மேலே போகும்போது சில இடங்களில் பிசிறுகிறது. யார் முன்னாலும் பாட மாட்டேன் என்கிறாள். ஆனால் இரவில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாடுவாள். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று போனில் பதிவு செய்தேன். மிகவும் நன்றாக இருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், எல்லோரும் பாராட்டினார்கள். அவளுடைய பெரியம்மா போன் செய்து அவளிடமே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பத்து நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அறையிலும் பாடுவதில்லை. நான் என்ன குற்றம் செய்தேன்? மகள் பாடுவதில் அப்பா பெருமைப்படக் கூடாதா?

ஆசிரியரை மாற்றினால் குரல் சரியாகுமா? தொண்டைக்கு ஏதாவது கொடுக்கலாமா? நான்கு மாதத்தில் ஒரு போட்டி இருக்கிறது, அதை என்ன செய்வது? இதைத்தான் கேட்க நினைத்தேன். பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

என் அண்ணன் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் நான்கு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பெருமைப்படுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. பெற்ற பிள்ளை பாடும்போது மனசு நிறையாதவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. போட்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, அது அடுத்த வருடமும் வரும். தொண்டைக்கு என்ன கொடுப்பது என்றால், நாம் விழுங்குகிற எதுவும் குரல் நாண்களில் படுவதில்லை தம்பி, அது உணவுக்குழாயில் இறங்குகிறது, அந்த நேரத்தில் காற்றுக்குழாயின் வாய் மூடிக்கொள்கிறது. தண்ணீர் போதுமான அளவு குடிக்கட்டும், உடம்பில் ஈரம் இருந்தால் நாண்களிலும் இருக்கும். கனைத்துக் கனைத்துத் தொண்டையைச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு கனைப்பும் இரண்டு நாண்களும் முட்டிக்கொள்வதுதான். பேச்சுக் குரலே கரகரத்து மூன்று நான்கு வாரம் அப்படியே நின்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். எட்டு மாதம் என்கிறீர்கள், ஒருமுறை காட்டிவிடுவது நல்லதுதான். ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு வியாதி எதுவும் தெரியவில்லை. வயது தெரிகிறது.

பையன்களுக்குக் குரல் உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய நாடகக்காரர்கள் அதற்கு மகரக்கட்டு என்று ஒரு சொல்லே வைத்திருந்தார்கள். பெண்பிள்ளைகளின் குரலும் ஏறக்குறைய அந்த வயதில்தான் மாறுகிறது, ஆனால் அதைச் சொல்ல நம் பேச்சில் அப்படி ஒரு சொல் புழங்கி நான் கேட்டதில்லை, அதனாலேயே வீட்டில் யாரும் கவனிப்பதும் இல்லை. பையனின் குரல் ஒரு முழு ஸ்தாயி அளவுக்கு, அதாவது ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரைக்கும் உள்ள தூரத்துக்கு இறங்கும், அதனால் ஊருக்கே தெரியும். பெண்ணின் குரல் ஏறக்குறைய ஒன்றரைக் கட்டைதான், அந்த ஸ்தாயியில் கால்பங்குதான் இறங்கும். பேசும்போது அது பெரிதாகத் தெரியாது, பாடும்போது தெரியும், அதுவும் பாடுகிறவளுக்குத்தான் முதலில் தெரியும். பிறந்த குழந்தையின் குரல் நாண் மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அது 11 முதல் 15 மில்லிமீட்டர், ஆணுக்கு 17 முதல் 21. நாண் நீள்கிறது, தடிக்கிறது, அதைச் சேர்த்து மூடுகிற தசைகள் புது அளவுக்குப் பழகக் கொஞ்ச காலம் ஆகிறது. அதுவரை நாண்களுக்குப் பின்பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும், காற்று அந்த வழியாகக் கசியும். காற்று கலந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் இதுதான். நாண்களின் உள் அடுக்குகள் முழுதாக முதிர்வது பதின்வயதின் கடைசியில். போதாததற்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் பல பெண்களுக்குக் குரல் கனத்துப்போகும், மேலே ஏறாது. இதை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள். உங்கள் மனைவியிடமாவது சொல்லக்கூடிய மாதிரி வீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து கட்டையில் சுருதி வைத்து அவள் மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது நடு ஸ-வைப் பிடித்தால், அந்த இரண்டு சின்னத் தசை மடிப்புகள் வினாடிக்கு ஏறக்குறைய 196 முறை சேர்ந்து பிரிகின்றன. மேல் ஷட்ஜத்துக்குப் போனால் அதைப்போல இரண்டு மடங்கு. இது நடப்பதை அவளாலும் பார்க்க முடியாது, ஆசிரியராலும் முடியாது. மானுவேல் கார்சியா என்கிற பாட்டு ஆசிரியர் 1854இல் ஒரு சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, வெயிலை அதில் திருப்பி, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அதற்கு முன் எத்தனையோ வருடம் அவர் பார்க்காமலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். வீணையில் ஒரு தந்தி மாறினால் கண்ணுக்குத் தெரியும். உங்கள் மகளுக்கு இந்த எட்டு மாதத்தில் வாத்தியமே மாறிக்கொண்டிருக்கிறது, அவள் அதைப் பார்க்க முடியாமல் காதால் தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்குத்தான் கதவைச் சாத்தினாள்.

சரி, இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன்.

நீங்கள் செய்தது தப்பு. சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. "மிகவும் நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள், இருந்திருக்கும், அது பேச்சே இல்லை. சாத்திய கதவு என்றால் சாத்திய கதவு. பதினைந்து வயதுப் பெண் கதவைச் சாத்துவது உங்களை வெளியே தள்ள என்று நினைத்துக்கொண்டீர்கள், அந்த வருத்தத்தில் எப்படியாவது உள்ளே போக வழி தேடினீர்கள், எனக்கு அது புரிகிறது, அந்த வருத்தத்தைப் படித்தபோது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அங்கே நின்று கேட்டதோடு நிறுத்தியிருக்கலாமே. பத்து வருடம் அவளைக் கேட்ட காது, அன்றைக்கு ஒருநாள் காதாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம். போனை எடுத்தீர்கள். எடுத்ததை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, குழுவில் போட்டீர்கள். எத்தனை பேர் அதில்? இருபதா, முப்பதா? தான் இன்னும் யாரிடமும் கொடுக்கத் தயாராக இல்லாத ஒரு குரலைப் பெரியப்பா, சித்தி, அத்தை பிள்ளைகள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்பதை அவள் ஒரு போன் பாராட்டில் தெரிந்துகொண்டிருக்கிறாள். பாராட்டுத்தானே என்று கேட்காதீர்கள். திட்டியிருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும், திரும்பச் சண்டை போடலாம். பாராட்டியவரிடம் என்ன சொல்ல முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. நம் குரலை நாம் கேட்பது காற்று வழியாக மட்டும் இல்லை, மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம், எலும்பு வழியாக வருவதில் கீழ்நாதம் கூடுதலாக இருக்கும். பதிவில் அந்தப் பங்கு வராது. அதனால்தான் பதிவு செய்த நம் குரல் எல்லோருக்குமே மெலிந்ததாக, யாருடையதோ போலக் கேட்கிறது. தன் புதுக் குரல் எது என்று தேடிக்கொண்டிருப்பவள் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டிருந்தால், கேட்டிருப்பாள், நிச்சயம் கேட்டிருப்பாள், அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது.

உங்கள் கடிதத்தில் "பாடச் சொல்வேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் அப்படித்தான் சொல்வீர்களா? எங்கள் வீட்டில் யாரும் "பாடு" என்று சொன்னதில்லை. "பாடிக் காட்டு" என்பார்கள். அநேகமாக உங்கள் வீட்டிலும் அதுதான். இந்தக் "காட்டு" எனக்குப் பல வருடமாக உறுத்துகிற சொல். நம் மொழியில் ஒரு வினையோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு செய்கிறவரின் மனசையே சொல்லிவிடும். ஆசிரியர் பாட்டு வரியின் ஒரு சங்கதியைப் பாடிக் காட்டுவார், அது சரியான இடம், தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுகிறார். அவள் தனியாக இருக்கும்போது பாடிப் பார்க்கிறாள். வேலை செய்துகொண்டே, தன்னை அறியாமல் பாடிக்கொள்கிறாள். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் நாம் "ஒன்று பாடிக் காட்டேன்" என்கிறோம். எதைக் காட்டச் சொல்கிறோம்? பாட்டையா, பெண்ணையா, இப்படிப்பட்ட பெண்ணைப் பெற்ற நம்மையா? எட்டு வயதில் அவளுக்கு இந்தக் கேள்வி இல்லை, அப்பா சொன்னால் பாடுவாள், பாடினால் கை தட்டுவார்கள். பதினைந்தில் அவளுக்கு அந்தக் கூடத்தில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அதற்கு அப்புறமும் கட்டாயப்படுத்தினால் கடைசியில் பாடித் தொலைப்பாள். கேட்டிருக்கிறீர்களா அப்படி ஒரு பாட்டை? சுருதி, தாளம் எல்லாம் சரியாக இருக்கும்.

நீங்கள் கதவுக்கு வெளியே நின்று எடுத்தது அவள் பாடிப் பார்த்துக்கொண்டிருந்ததை. அதைக் குழுவில் போட்டுப் பாடிக் காட்டியதாக ஆக்கிவிட்டீர்கள். நான் திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று தோன்றும். தோன்றட்டும். பாடிப் பார்ப்பதற்கு ஒரு பிள்ளைக்கு இடம் வேண்டும். தப்பாகப் பாட, நடுவில் விட, ஒரே ஸ்வரத்தை நாற்பது தடவை தொட்டுப் பார்க்க, அசிங்கமாக ஒரு சத்தம் வந்தால் தானே சிரித்துக்கொள்ள ஒரு இடம். யாருமே கேட்கவில்லை என்று நிச்சயமாகத் தெரிகிற இடம். அது உங்கள் வீட்டில் ஒரே ஒரு அறையாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

இனி என் அண்ணன்.

ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வரை அண்ணன்தான் எங்கள் வீட்டுப் பாட்டு. கணீரென்ற குரல். அம்மாவுக்கு அவன் பாட்டு என்றால் உயிர். யாராவது வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் "அதைப் பாடிக் காட்டுடா" என்று உள்ளிருந்து குரல் வரும். அவன் கூடத்து நடுவில் நின்று பாடுவான், அம்மா கதவோரமாக நிற்பார். நான் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், என்னை யாரும் பாடச் சொன்னதில்லை, அதனால் பார்க்க நிறைய நேரம் இருந்தது. அம்மா அண்ணனைப் பார்க்க மாட்டார். வந்தவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார், முகம் முகமாக. அவர்கள் தலையை ஆட்டும்போது அம்மாவின் தலையும் லேசாக ஆடும்.

பதின்மூன்று முடிந்த சமயம், ஒரு சாயங்காலம், மேல் ஷட்ஜத்தில் அவன் குரல் உடைந்தது. வழக்கமான இடம், நூறு தடவை நின்ற இடம். கோழிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. வந்திருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, யாருக்கும் சிரிப்பு வரும். அம்மா உடனே "அவனுக்குச் சளி" என்றார். அண்ணனுக்குச் சளி இல்லை. அவன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான், அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஒரு வருடம், வருகிறவர்களிடமெல்லாம் அதே பதில். சளி, தொண்டைக்கட்டு, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா பொய் சொல்கிற ஆளே கிடையாது. அந்தக் குரல் போய்விட்டது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கோ, தனக்குப் புதிதாக வந்திருக்கிற குரல் ஒரு வியாதி என்று அர்த்தமாகிவிட்டது.

ஷூபர்ட் என்கிற ஐரோப்பிய இசையமைப்பாளர் சின்ன வயதில் வியன்னாவில் அரசவைத் தேவாலயக் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். குரல் உடைந்தபோது அவருக்கு 15 வயது. பாடிய நோட்டின் ஓரத்தில், ஃபிரான்ஸ் ஷூபர்ட் கடைசி முறையாகக் கூவியது 1812 ஜூலை 26 என்று தன் கையாலேயே குறித்துவைத்தார். கூவியது என்றால் சேவல் கூவுமே, அந்தச் சொல். இதை முதலில் படித்தபோது எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது, அண்ணனுக்காக. தன் குரல் முடிந்ததைத் தானே, தன் சொல்லில், தனக்காக எழுதிவைக்க முடிந்திருக்கிறது. யாரும் அவருக்கு முந்திக்கொண்டு சளி என்று சொல்லிவிடவில்லை.

அண்ணன் கூடத்தில் பாடுவது நின்றது. ஆனால் பாடுவது நிற்கவில்லை. பதினைந்து வயது வாக்கில், எல்லோரும் படுத்த பிறகு மொட்டை மாடிக்குப் போய்ப் பாடிப் பார்ப்பான். எனக்குத் தெரியும், மாடிப்படிக்குக் கீழேதான் என் படுக்கை. மெதுவாக, கீழே கீழே இறங்கிப் பாடுவான். முதலில் குரல் என்று சொல்லவே முடியாது, வெறும் உறுமல். பல வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு ராத்திரி, படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது வேறு ஒரு ஆளின் குரல், ஆழமாக, சாந்தமாக. எனக்கு அப்போது பதினொரு வயது. சந்தோஷம் தாங்க முடியாமல் ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். "அம்மா, அண்ணன் பாடுறான், நல்லா பாடுறான், வந்து கேளு."

அம்மா வந்தார். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் பாட்டு நின்றது. அம்மா மாடிவரை ஏறிப்போய், "எவ்வளவு நல்லாயிருக்குடா, எங்க, இன்னொரு தடவை பாடிக் காட்டு" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து படுத்துக்கொண்டான். அதற்கு அப்புறம் அவன் மாடிக்குப் போகவில்லை. நான் என்ன கெட்டதா செய்தேன் என்று நானும் அழுதேன் தம்பி, உங்களைப்போலத்தான். நல்ல செய்தியைத்தானே சொன்னேன்.

அண்ணனுக்கு இப்போது அறுபது வயது. போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது எப்படியோ பேச்சு அங்கே போனது. இத்தனை வருடம் நான் கேட்கப் பயந்ததைக் கேட்டேன், அந்த ராத்திரி ஞாபகம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றான். "அன்னைக்குத்தான் கீழ்ப் பஞ்சமம் முதல் தடவையா நின்னது. இன்னும் ஒரு தடவை நிக்குதான்னு பாக்கலாம்னு மூச்சு இழுத்தேன், நீங்க ரெண்டு பேரும் வந்துட்டீங்க."

அதுதான் அந்த வாக்கியம். கோபமாகச் சொல்லவில்லை, என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் எதுக்கு என்று பேச்சை மாற்றிவிட்டான்.

உங்களுக்கு இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆகிவிடவில்லை, பத்து நாள்தான் ஆகிறது. இன்றைக்கே அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அழகாக இருந்ததால்தான் எடுத்தேன் என்று ஆரம்பிக்காதீர்கள், அது திரும்பவும் அவள் பாட்டைப் பற்றிய பேச்சாகிவிடும். கதவு சாத்தியிருந்தது, நான் நின்றிருக்கக் கூடாது, எடுத்திருக்கக் கூடாது, அனுப்பியிருக்கக் கூடாது, இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று அவள் கேட்டால் சரியான எண்ணிக்கையைச் சொல்லுங்கள். குழுவிலும் எழுதுங்கள், அவளைக் கேட்காமல் போட்டுவிட்டேன், வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று. பெரியவர்கள் நாலு பேர் இதற்கெல்லாமா என்பார்கள், சொல்லட்டும். உங்கள் போனில் இருப்பதை என்ன செய்வது என்பதை அவளிடம் விடுங்கள். அழி என்றால் அவள் கண்முன்னால் அழியுங்கள். உங்களுக்கு வலிக்கும், தெரியும், அதைவிட நல்ல பதிவு உங்களிடம் இல்லை என்றும் தெரியும்.

உடனே பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள். உடனே பாடிவிடுவாள் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஒரு ராத்திரி கதவுக்கு அந்தப் பக்கம் சுருதிப்பெட்டி சத்தம் கேட்கும். அப்போது எழுந்து வாசலுக்குப் போய் உட்காருங்கள், அவள் காதில் விழுகிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு.

ஆசிரியரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பார்த்தாரா என்பது ஒன்றுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரிய வேண்டியது. மற்றதை அவளிடம் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா